பொள்ளாச்சி விவசாயி மகன் சி.சுப்பிரமணியம்: நாட்டின் உணவுக் கொள்கையை மாற்றியது எப்படி?

பசுமைப் புரட்சி என்றதும் விஞ்ஞானிகளான எம்.எஸ்.சுவாமிநாதன், நார்மன் போர்லாக் ஆகியோரின் பெயர்களே முதலில் நினைவுக்கு வருகின்றன. ஆனால், ஆய்வு வயல்களில் விளைந்த கோதுமையை அரசின் கொள்கையாக மாற்றும் துணிவு ஓர் அமைச்சருக்குத் தேவைப்பட்டது. அந்த அமைச்சர், பொள்ளாச்சி அருகே உள்ள செங்குட்டைப்பாளையத்தில் 1910 ஜனவரி 30ஆம் தேதி விவசாயக் குடும்பத்தில் பிறந்த சி.சுப்பிரமணியம்.

தந்தை சிதம்பரக் கவுண்டர். திருப்பராய்த்துறையில் ராமகிருஷ்ண தபோவனத்தை நிறுவிய சுவாமி சித்பவானந்தர் இவருக்குச் சித்தப்பா முறை. சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியலும், பின்னர் சட்டமும் பயின்ற சுப்பிரமணியம், வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் சிறை சென்றார். அரசியல் நிர்ணய சபையிலும் உறுப்பினராக இருந்தார்.

1952 முதல் 1962 வரை சென்னை மாகாண அமைச்சராக இருந்தார். ராஜாஜி பதவி விலகியதைத் தொடர்ந்து 1954இல் நடந்த சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் காமராஜரை எதிர்த்துப் போட்டியிட்டுத் தோற்றார். தன்னை எதிர்த்தவரையே காமராஜர் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டது தமிழக அரசியலில் இன்றும் பேசப்படும் நிகழ்வு. காமராஜர் ஆட்சியில் கல்வி அமைச்சராக இருந்தவர் இவர்தான். மேற்கு நோக்கிப் பாயும் ஆறுகளின் நீரைக் கொங்கு வறட்சிப் பகுதிகளுக்குத் திருப்பும் பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்துக்காகப் பாடுபட்டவர்களிலும் இவர் ஒருவர்.

1962இல் மக்களவைக்குத் தேர்வாகி, நேரு அமைச்சரவையில் உருக்குத் துறையைக் கவனித்தார். 1964இல் லால் பகதூர் சாஸ்திரி இவரிடம் உணவு, வேளாண் துறையை ஒப்படைத்தார். ஏற்பவரின் அரசியல் வாழ்வையே முடித்துவிடும் துறை என்று அன்று அது கருதப்பட்டது. நாட்டின் உணவு, அமெரிக்காவின் பி.எல்.480 திட்டத்தின் கீழ் கப்பலில் வரும் கோதுமையை நம்பியிருந்தது. 1964-65இல் சுமார் 8.9 கோடி டன்னாக இருந்த உணவு தானிய உற்பத்தி, வறட்சியால் அடுத்த ஆண்டு சுமார் 7.2 கோடி டன்னாகச் சரிந்தது. 1966இல் மட்டும் ஏறத்தாழ ஒரு கோடி டன் தானியம் இறக்குமதியானது. அதையும் அமெரிக்க அதிபர் ஜான்சன் மொத்தமாகத் தரவில்லை. இந்தியாவின் நடத்தையைப் பார்த்துப் பார்த்துச் சிறு சிறு தவணைகளாகவே அனுமதித்தார்.

விவசாயிக்குக் கட்டுப்படியான விலை கிடைத்தால்தான் அவர் புதிய விதைக்கும் உரத்துக்கும் செலவிடுவார் என்பது சுப்பிரமணியத்தின் வாதம். வயலின் கணக்கு அறிந்தவருக்கு இது எளிய உண்மை. தில்லியிலோ நகர நுகர்வோருக்கு விலை ஏறிவிடும் என்ற அச்சமே மேலோங்கியிருந்தது. இருப்பினும், 1965 ஜனவரியில் வேளாண் விலைக் குழுவும் இந்திய உணவுக் கழகமும் அமைக்கப்பட்டன. இந்திய வேளாண் ஆராய்ச்சி மன்றத்தின் தலைமைப் பொறுப்பு, ஆட்சிப் பணி அதிகாரிகளிடமிருந்து முதன்முறையாக விஞ்ஞானி ஒருவரிடம் சென்றது. அவர் பி.பி.பால்.

கடும் எதிர்ப்பு விதை விவகாரத்தில் எழுந்தது. குட்டை ரக மெக்சிகோ கோதுமைக்கு உரமும் நீரும் அதிகம் தேவை. அதற்கு அந்நியச் செலாவணி வேண்டும். நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரியும் திட்டக் குழுவினரும் ஐயம் எழுப்பினர். பாசன வசதியுள்ளவர்களே பயனடைவர் என்று இடதுசாரிகள் எதிர்த்தனர். சுப்பிரமணியம் விவசாயிகளின் வயல்களிலேயே செயல்விளக்கத் திடல்கள் அமைக்கச் செய்ததுடன், தமது தில்லி இல்லத்தின் புல்வெளியை உழுது புதிய கோதுமையை விதைத்தார். 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதை வந்திறங்கியது. வேளாண் செயலர் பி.சிவராமன் அதை மாநிலங்களுக்குக் கொண்டு சேர்த்தார்.

இதற்கிடையே, 1965 பிப்ரவரியில் இந்தித் திணிப்பு எதிர்ப்புப் போராட்டம் தமிழகத்தில் உச்சத்தை எட்டியபோது, சுப்பிரமணியமும் ஓ.வி.அழகேசனும் அமைச்சர் பதவியிலிருந்து விலகுவதாக அறிவித்தனர். பின்னர் அந்த முடிவு கைவிடப்பட்டது. ஆயினும் 1967 தேர்தலில் தமிழகத்தில் காங்கிரஸ் வீழ்ந்தபோது அவரும் தோற்றார். அவர் இறக்குமதி செய்த விதையின் பெரும் விளைச்சல் அதற்கு அடுத்த ஆண்டுதான் களத்துக்கு வந்தது. அதைக் கொண்டாடும் அஞ்சல்தலையை 1968இல் இந்திரா காந்தி வெளியிட்டபோது, சுப்பிரமணியம் அமைச்சராக இல்லை.

இடதுசாரிகள் அன்று எழுப்பிய கேள்வி முற்றிலும் பொய்த்துவிடவில்லை. பஞ்சாபில் நிலத்தடி நீர் சரிந்ததும், ரசாயன உரப் பயன்பாடு பெருகியதும், மானாவாரி விவசாயிகள் பின்தங்கியதும் இன்றளவும் விவாதப் பொருள்களே. 1965இன் விலைக் குழுதான் இப்போது வேளாண் செலவுகள் மற்றும் விலைகள் ஆணையம் என்ற பெயரில் குறைந்தபட்ச ஆதரவு விலையைப் பரிந்துரைக்கிறது. அந்த விலைக்குச் சட்ட உத்தரவாதம் என்பது 2020-21இல் தில்லி எல்லையில் முகாமிட்ட விவசாயிகளின் முக்கியக் கோரிக்கைகளுள் ஒன்று.

காங்கிரஸ் 1969இல் பிளவுபட்டபோது இந்திரா காந்தியின் பக்கம் நின்ற சுப்பிரமணியம், 1971இல் கிருஷ்ணகிரியிலிருந்து மக்களவைக்குத் திரும்பினார். திட்டத் துறை, நிதித் துறை ஆகியவற்றை வகித்தார். நெருக்கடி நிலைக் காலத்தில் நிதியமைச்சராக நீடித்தது, அவரது பொதுவாழ்வில் விமர்சனத்துக்கு உரிய பகுதி. கிராமப்புறக் கடனுக்காக மண்டல ஊரக வங்கிகள் 1975இல் தொடங்கப்பட்டதும் அதே காலத்தில்தான். 1979இல், தாமும் விவசாயக் குடும்பத்திலிருந்து வந்த பிரதமர் சரண் சிங்கின் அமைச்சரவையில் பாதுகாப்புத் துறையைக் கவனித்தார்.

1990இல் மகாராஷ்டிர ஆளுநரானார். பிரதமர் நரசிம்ம ராவின் செயல்பாடு குறித்து அவர் தெரிவித்த கருத்து வெளியாகி சர்ச்சையானதைத் தொடர்ந்து 1993இல் பதவி விலகினார். 1998இல் பாரத ரத்னா விருது பெற்ற அவர், 2000 நவம்பர் 7ஆம் தேதி சென்னையில் காலமானார்.