விதியும் முக்கோணமும்: ஈ.சி.ஜி. வரலாற்றிலிருந்து ஒரு குறிப்பு

விஞ்ஞான விதி என்றாலே இயற்கை தன் வாயால் சொன்னது என்று நம்பிப் பழகிவிட்டோம். ஆனால் எல்லா விதிகளும் ஒரே ரகம் இல்லை. சில விதிகள் இயற்கையைப் பற்றிப் பேசுகின்றன. வேறு சில, இயற்கைக்கு நாம் வைத்த பெயர்களைப் பற்றி மட்டுமே பேசுகின்றன. இரண்டும் ஒரே ஆளின் பெயரில், ஒரே பாடப்புத்தகத்தில் அச்சாகும்போது ஒன்றின் மரியாதை மற்றதற்கு ஓசியில் கிடைத்துவிடுகிறது. இதயத்தின் மின்துடிப்பைக் கோடாக எழுதும் ஈ.சி.ஜி.யின் கதை இதுதான்.

1887-ல் லண்டனில் அகஸ்டஸ் வாலர் என்பவர் பாதரச நுண்குழாய்க் கருவி ஒன்றைக் கொண்டு மனித இதயத்தின் மின்துடிப்பை உடம்பின் மேல்தோலிலிருந்தே பதிவு செய்தார். தன் வளர்ப்பு நாய் ஜிம்மியையும் உப்புநீரில் நிற்க வைத்துக் காட்டினார். மனிதரிடத்தில் இரண்டு கை, இரண்டு கால், வாய் என ஐந்து இடங்கள். அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்தால் பத்து ஜோடிகள். இந்தப் பத்தை மூன்றாகக் குறைத்தவர் வில்லெம் ஐந்தோவன். டச்சுக் காலனியாயிருந்த ஜாவாவின் செமராங்கில் 1860-ல் பிறந்து, நெதர்லாந்தின் லெய்டனில் பேராசிரியரானவர். வெள்ளி பூசிய குவார்ட்ஸ் இழை ஒன்றைக் காந்தப் புலத்தில் தொங்கவிட்டு அவர் செய்த கருவி சுமார் 270 கிலோ. இயக்க ஐந்து பேர் வேண்டும். நோயாளி இரண்டு கைகளையும் இடது காலையும் உப்புநீர்ப் பாத்திரங்களில் வைத்துக்கொண்டு உட்காருவார். 1924-ல் இதற்காக நோபல் பரிசு.

மூன்று உறுப்புகள், மூன்று ஜோடிகள். இடது கையின் மின்னழுத்தத்திலிருந்து வலது கையுடையதைக் கழித்தால் முதல் லீட். காலிலிருந்து வலது கையைக் கழித்தால் இரண்டாவது. காலிலிருந்து இடது கையைக் கழித்தால் மூன்றாவது. 'ஐந்தோவன் விதி' சொல்வது: எந்த நொடியிலும் முதல் லீட்டையும் மூன்றாவதையும் கூட்டினால் இரண்டாவது வரும். ஒரு கணக்குக்கு, வலது கை -4, இடது கை 3, கால் 8 என்று வைத்துக்கொள்வோம். லீட்கள் முறையே 7, 12, 5. ஏழும் ஐந்தும் பன்னிரண்டு. சரிதானே?

சரிதான். ஆனால் இதயத்துக்கு இதில் என்ன வேலை? மூன்று எண்களை எடுத்துக்கொண்டு இரண்டிரண்டாகக் கழித்தால் இது எப்போதும் வரும். மூன்று ஊர்களின் உயரத்தை எடுத்துக்கொண்டாலும் வரும். கழித்தலின் இலக்கணம் இது. இதயம் துடிப்பதால் வந்ததல்ல. மூன்று லீட்களையும் ஒரே சுற்றாகச் சுற்றிக் கழித்திருந்தால் கூட்டுத்தொகை பூஜ்யமாகியிருக்கும். ஐந்தோவன் அப்படிச் செய்யவில்லை. பெரும்பாலான ஆரோக்கியமான உடல்களில் கோட்டின் பெரிய அலை மேல்நோக்கி எழும்படி திசைகளைத் தேர்ந்தார். அதாவது 'இயல்பு' என்பது பதிவுக்குப் பிறகு வந்த தீர்ப்பு மட்டுமல்ல. கூட்டல் குறி கழித்தல் குறியிலேயே அது முன்கூட்டி எழுதப்பட்டுவிட்டது.

இதே விதியின் மறுபக்கத்தையும் பார்ப்போம். அவசரத்தில் கை ஒயர்கள் இரண்டும் மாறிப்போச்சு என்று வையுங்கள். முதல் லீட் தலைகீழாகி -7. இரண்டாவதும் மூன்றாவதும் இடம் மாறி 5, 12. கூட்டிப் பாருங்கள்: -7, 12, மொத்தம் 5. விதி பிசகவில்லை! காகிதத்தில் கைகாலின் கோடுகள் மட்டும் இதயம் வலப்பக்கம் இருப்பவருடையது போலத் தெரியும். தவறான உடம்பின் மேலும் விதி சத்தியமாக நிற்கிறது.

முக்கோணத்தின் கதை வேறு. 1912-13 வாக்கில் ஐந்தோவன் இரு கைகளையும் காலையும் ஒரு சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளாகவும், இதயத்தை அதன் நடு மையமாகவும் வைத்துப் பார்த்தார். இதயத்தின் 'மின் அச்சு' இத்தனை டிகிரி என்று சொல்வதெல்லாம் இந்தப் படத்திலிருந்து வருவது. இது நிஜமாகவே உடம்பைப் பற்றிய கூற்று. ஆகவே தவறாக இருக்கவும் முடியும். நுரையீரலும் முதுகெலும்பும் தசையும் மின்சாரத்தை ஒரே மாதிரி கடத்துவதில்லை. இதயம் நட்டநடுவில் இல்லை. 1940-களில் பர்கர், வான் மிலான் இருவரும் உடற்கூட்டின் மாதிரியை வைத்துச் சோதித்து, முக்கோணத்தின் பக்கங்கள் சமமில்லை என்று காட்டினார்கள். முக்கோணம் கோணிப்போனது. விதிக்கு ஒரு கீறலும் இல்லை. விழுவதற்கு அதில் எதுவும் இல்லையே!

பிறகு மையம் தேடிய கதை. 1934-ல் மிச்சிகனில் ஃபிராங்க் வில்சன் மூன்று உறுப்புகளையும் 5000 ஓம் மின்தடைகள் வழியே ஒரே புள்ளியில் இணைத்து, அதையே பூஜ்யம் என்று கொண்டார். உண்மையில் அது மூன்றின் சராசரி. 1942-ல் இமானுவேல் கோல்ட்பெர்கர், அளக்கிற உறுப்பை அந்தப் புள்ளியிலிருந்து கழற்றிவிட்டு மற்ற இரண்டின் சராசரியோடு ஒப்பிட்டார். அலை ஒன்றரை மடங்கு பெரிதாயிற்று. இன்று ஏவிஆர், ஏவிஎல், ஏவிஎஃப் என்று அச்சாவது இவைதாம். மூன்றையும் கூட்டினால் பூஜ்யம். ஆச்சரியப்பட வேண்டாம், பூஜ்யம் வரும்படிதான் கட்டியிருக்கிறார்கள்.

ஆக கைகாலின் ஆறு கோடுகளில் சுயமாகப் பேசுபவை இரண்டே. மற்ற நான்கும் அவற்றின் எதிரொலி. ஒவ்வொரு லீட்டையும் தனித்தனியாகப் பதிவு செய்த காலத்தில், அளவு பிசகியதா, பெயர் மாறி எழுதினோமா என்று பார்க்க ஐந்தோவன் விதி கொஞ்சம் உதவியது. இன்றைய டிஜிட்டல் கருவிகள் பொதுவாக இரண்டை அளந்து மிச்சத்தைக் கணக்குப் போட்டுவிடுகின்றன. விதி பொய்யாக வழியே இல்லை. ஆறு சாட்சிகள் ஒத்துப்போகிறார்கள் என்று நாம் நம்பும் இடத்தில் இருப்பது இரண்டு சாட்சிகளும் ஒரு கழித்தல் கணக்கும்.

இதைச் சொல்வதால் ஈ.சி.ஜி. வெறும் கட்டுக்கதை என்று ஆகிவிடாது. அந்தக் கோடுகள் தினமும் உயிர்களைக் காப்பாற்றுகின்றன. ஆனால் ஒரு முறைமை தனக்குள் முரணில்லாமல் இருப்பது வேறு, அது உடம்போடு ஒத்துப்போவது வேறு. முதலாவதைக் கணிதம் பார்த்துக்கொள்ளும். இரண்டாவதைப் பார்க்கக் கட்டிலருகே ஒரு ஆள் வேண்டும்: எந்த ஒயர் எந்தக் கையில் மாட்டியிருக்கிறது என்று குனிந்து பார்க்கிற ஆள். நோபல் பட்டியலில் அவர் பெயர் வராது. படுத்திருப்பவரின் உயிர் அவர் பார்வையில்தான் தொங்குகிறது.