சருமப் புற்றுநோய்

சருமப் புற்றுநோய் என்பது தோலின் மேலடுக்கிலுள்ள உயிரணுக்கள் தமக்குரிய ஒழுங்கை மீறிப் பெருகுவதால் விளையும் வியாதி. அது பிறக்கும் உயிரணுவைக் கொண்டு அடியணுப் புற்று, செதிளணுப் புற்று, நிறமியணுப் புற்றாகிய மெலனோமா எனப் பிரதானமாக மூவகைப்படுத்துவர்.

நிலநடுக்கோட்டிற்கு வடக்கே மூன்று பாகைக்குள் அமைந்த, மலேசியாவின் பந்திங் வட்டாரத்தில், பால்மரக் காலத்திலும் பின்வந்த செம்பனைக் காலத்திலும் தலைமுறை தலைமுறையாக வெயிலில் உழைத்த தமிழர்களுக்கு அவர்களது கருமை நிறமே ஒரு கவசமாயிற்று. மெலனின் என்னும் நிறப்பொருள் சூரிய கிரணங்களின் தீங்கைப் பெரிதும் தடுப்பதால், வெள்ளையரை வாட்டும் அளவுக்கு இந்நோய் நம்மவரிடம் காணப்படுவதில்லை. ஆயினும் கறுத்த சருமத்திற்குப் புற்றே வாராது என்று இதிலிருந்து முடிவுகட்டுவது பிராண அபாயத்தை விளைவிக்கும் பிழை.

அடியணுப் புற்று பெரும்பாலும் முகத்தில் மெல்ல வளர்ந்து, பிற உறுப்புகளுக்கு அரிதாகவே பரவும். செதிளணுப் புற்றோ நம்மவரிடம் வெயிலை எதிர்பாராமல், பழைய தீப்புண் தழும்பிலும் ஆண்டுக்கணக்கில் ஆறாத கால்ரணத்திலும் தலையெடுக்கக்கூடியது. இடுப்பில் வேட்டியோ சேலையோ ஆயுள் முழுதும் இறுகக் கட்டியவர்க்கு அவ்விடத்திலேயே இது தோன்றியதையும், குளிருக்காகக் காங்ரி என்னும் கனற்சட்டியை வயிற்றோடு அணைத்துக்கொள்ளும் காஷ்மீரத்தாருக்கு வயிற்றிலும் தொடையிலும் தோன்றியதையும் இந்திய வைத்தியர்கள் பதிவுசெய்துள்ளனர்.

மூன்றினும் கொடியது மெலனோமா. கருநிறத்தவரிடம் இது உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும், அதாவது ஒருவரும் உற்றுப் பார்க்காத இடங்களிலேயே பெரிதும் ஒளிந்திருக்கிறது. ஜமைக்கா நாட்டுப் பாடகர் பாப் மார்லியின் கால்விரல் நகத்தடியில் உண்டான இந்நோய், முதலில் பந்தாட்டக் காயமென்றே கருதப்பட்டுப் பின்னர் 1977இல் கண்டறியப்பட்டது. 1981இல், 36ஆம் வயதில், அவர் மறைந்தார். செம்பனை முள் குத்திய வடுவென்றோ செருப்புக் கடியென்றோ எண்ணிப் பாதத்துக் கரும்புள்ளியை மாதக்கணக்கில் விட்டுவைக்கும் தொழிலாளிக்கும் இதே கதி நேரலாம். ஓரம் ஒழுங்கற்றுப் பல நிறம் கலந்து விரியும் புள்ளியும், ஒரே நகத்தில் தோன்றி அகன்று நகக்கண்ணின் தோலுக்கும் படரும் கருங்கோடும், ஆறாது இரத்தம் கசியும் புண்ணும் வைத்தியரிடம் உடனே காட்டத்தக்கவை.

வைத்தியர் உருப்பெருக்கிக் கருவியால் நோக்கிய பின், சிறு துண்டு தோலை எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்தே நோய் நிர்ணயிக்கப்படுகிறது. மெலனோமா தோலுக்குள் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியுள்ளது என்னும் அளவே, 1970இல் அலெக்சாண்டர் பிரெஸ்லோ காட்டியவாறு, நோயாளியின் எதிர்காலத்தைப் பெரிதும் தீர்மானிப்பது. இத்தகைய பரிசோதனைக்குப் பந்திங்கிலிருந்து கோலாலம்பூர் பொது மருத்துவமனையின் சரும நோய்ப் பிரிவும், புத்ராஜெயாவிலுள்ள தேசியப் புற்றுநோய்க் கழகமும் எட்டாத தூரத்தில் இல்லை.

முதன்மையான சிகிச்சை ரணசிகிச்சையே. ஒரு மில்லிமீட்டருக்கு உட்பட்ட மெலனோமாவைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் நல்ல தோலோடும், இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் ஆழ்ந்ததை இரண்டு சென்டிமீட்டரோடும் அகற்றுவர். கத்தி செல்லவியலாத இடத்துச் செதிளணுப் புற்றுக்கும் அடியணுப் புற்றுக்கும் கதிர்வீச்சு உதவும். பரவிய மெலனோமாவுக்கு, உடலின் எதிர்ப்பாற்றலைக் கட்டவிழ்க்கும் மருந்துகள் 2011 முதல் வழக்கிற்கு வந்தன. அவற்றுக்கு அடிகோலிய ஜேம்ஸ் ஆலிசனும் தசுக்கு ஹோஞ்சோவும் 2018இல் நோபல் பரிசு பெற்றனர். உள்ளங்காலில் பெரும்பகுதி வெட்டியெடுக்கப்பட்டால், தொடை போன்ற வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்டி, அது பிடிக்கும்வரை அக்காலை ஊன்றாதிருக்கச் செய்வர்.