பல ஒலி, ஒரு தட்டு

பல ஒலிகளை ஒன்றாகச் சேர்ப்பது எளிய செயலன்று. சேரும்பொழுது ஒவ்வோர் ஒலியும் தன் வலிமையில் ஒரு பங்கை இழக்கிறது. இழந்ததை மீட்டுத் தருவது எதுவோ அதன் சாயலும் ஒலியில் படிந்துவிடுகிறது. ஒலிப்பதிவின் வரலாறு உணர்த்தும் இவ்வுண்மைக்குச் சித்தூரும் திருப்பதியும் நல்ல சான்றுகள் தருகின்றன.

காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை (1889–1934) பிடில், மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் எனப் பக்கவாத்தியங்கள் புடைசூழப் பாடியவர். அதனை ‘புல் பெஞ்ச்’ கச்சேரி என்பர். அங்கே ஒலிகளைச் சேர்த்தது கூடத்துக் காற்றே. அவர் இசைத்தட்டு எதனையும் விட்டுச் செல்லவில்லை. அவருடைய மாணாக்கரும் 1954-இல் சங்கீத கலாநிதி விருது பெற்றவருமான சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையோ, இசைத்தட்டுக்களாலும் புகழ் பெற்றார். ‘மதுரா நகரிலோ’ என்னும் ஜாவளியைப் பலர் அவர் குரலிலேயே அறிந்தனர்.

இந்தியாவில் 1902-இல் ஒலிப்பதிவு தொடங்கியபொழுது, பெரிய புனல் ஒன்றின் முன் நின்று பாடினர். பாடகர் அருகே நிற்பார்; வாத்தியக்காரர் சற்று எட்ட அமர்வர். ஒலிகளின் அளவைத் தீர்மானித்தது தூரமே. 1925-இல் மின்சாரப் பதிவு வந்தது. காலப்போக்கில், பாடகருக்கு ஒன்றும் வாத்தியங்களுக்குத் தனித்தனியேயும் மைக்குகள் வைக்கும் வழக்கம் ஏற்பட்டது. மைக்கிலிருந்து வரும் மின்னோட்டம் மிகச் சிறியது. ஆதலின் ஒவ்வொன்றுக்கும் ஒரு முன்பெருக்கி வேண்டியதாயிற்று.

பின்னர் அவற்றை மின்தடைகளின் வழியே ஓரிடத்தில் கூட்டினர். எட்டு ஒலிகளைச் சம அளவான தடைகளால் கூட்டினால், ஒவ்வொன்றின் மின்னழுத்தமும் எட்டில் ஒரு பங்காகக் குன்றும். அக்குறையை நிரப்ப, கூட்டலுக்குப் பின்னும் ஒரு பெருக்கி தேவை. கேட்போர் செவியை எட்டும் ஒலி முழுவதும் அதன் வழியேதான் செல்கிறது.

நம் நாட்டில் எச்.எம்.வி. இசைத்தட்டுக்களை வெளியிட்ட கம்பெனியின் தாய் நிறுவனமான இ.எம்.ஐ., லண்டன் ஆபி ரோடு நிலையத்தில் இவ்வேலைக்கென மேசைகளை அமைத்தது. 1950களின் இறுதியில் வந்த மேசையில் சீமென்ஸ் நிறுவனத்தின் வால்வுப் பெருக்கிகள் இருந்தன. அடுத்த மேசையில் இ.எம்.ஐ. தானே செய்த பெருக்கிகள் இடம்பெற்றன. 1968-இல் டிரான்சிஸ்டர் மேசை வந்ததும் ஒலியின் தன்மை மாறியதை அங்கிருந்த பொறியாளர்கள் உணர்ந்தனர். பெருக்கி மாறினால் பாட்டின் நிறமும் சற்றே மாறும்.

இனித் திருமலைக்கு வருவோம். அன்னமாச்சாரியார் (1408–1503) இயற்றிய தெலுங்குக் கீர்த்தனங்கள் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டுக் கோயிலின் சிறு அறையொன்றில் பன்னெடுங்காலம் கிடந்தன. இருபதாம் நூற்றாண்டில் அவை வெளிவந்தபொழுது, சொல் இருந்தது, இராகப் பெயர் இருந்தது, இசைக்குறிப்பு இல்லை. குன்றிப்போன அவ்வொலியை இராள்ளபல்லி அனந்தகிருஷ்ண சர்மா, நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி முதலிய வித்துவான்கள் மீண்டும் எழுப்பினர். 1963-இல் வேங்கடேச சுப்ரபாதத்தை இசைத்தட்டில் பாடிய எம். எஸ். சுப்புலக்ஷ்மி, 1979–80-இல் தேவஸ்தானத்தின் பொருட்டு ஐந்து இசைத்தட்டுக்களில் இக்கீர்த்தனங்கள் சிலவற்றையும் பாடினார். நாம் இன்று கேட்பது அன்னமாச்சாரியாரின் சொல்லே. ஆயினும் அதன் இசையில் பிற்காலத்தார் கைவண்ணமும் கலந்துள்ளது.

இக்காலத்தில் கணிப்பொறி ஒலிகளை எண்களாகக் கூட்டுகிறது, குறைவு நேர்வதில்லை. இருப்பினும் சில பொறியாளர்கள் ஒலியை வெளியே கொணர்ந்து, தடைகளால் கூட்டி, தாம் விரும்பும் முன்பெருக்கியால் உயர்த்துகின்றனர். வால்வு ஒன்றும் டிரான்சிஸ்டர் ஒன்றுமாக மாற்றிச் சோதிப்போர் முதலில் இரண்டின் ஒலியளவையும் சமமாக்க வேண்டும். உரக்க ஒலிப்பதே இனிது என்று செவி மயங்கிவிடும்.

பிறமொழி வழங்கும் ஊர்களில் வாழும் நமக்கு இச்செய்தி புதியதன்று. தமிழும் தெலுங்கும் சேர்ந்து ஒலிக்கும் சித்தூர்த் தெருக்களில் இரண்டும் சிறிது குன்றத்தான் செய்யும். குன்றியதை வீட்டிலும் பள்ளியிலும் யார் எடுத்து உயர்த்துகிறார்களோ, அவர்கள் குரலின் நிறமே அடுத்த தலைமுறையின் மொழியாகிறது.