கற்பிட்டிக் கோட்டை: கட்டடமும் கைமாற்றமும்

புத்தளம் களப்பின் வாயிலைக் காத்து நிற்கும் கற்பிட்டிக் கோட்டையை 'ஒல்லாந்தர் கோட்டை' என வழங்குவது மரபாகிவிட்டது. கட்டியோர் பெயரால் கட்டடத்தை அழைப்பது இயல்பே. ஆயினும் கட்டடமொன்றின் வரலாறு அது கட்டி முடிக்கப்பட்ட ஆண்டோடு முடிவதில்லை. பின்னர் அது யார் கைக்கு மாறியது, எதற்காக வைத்திருக்கப்பட்டது என்பனவும் நோக்கற்பாலன.

போர்த்துக்கேயர் காலத்தில் இங்கு யேசு சபைத் துறவிகள் நிலைகொண்டிருந்தனர். 1659 இல் ஒல்லாந்தர் இவ்விடத்தைக் கைப்பற்றினர். 1667 இல் தொடங்கிய கோட்டைப்பணி 1676 இல் நிறைவெய்தியது. கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனுக்கு இந்தியாவோடு நிகழ்ந்த வணிகத்தில் இக்களப்பு முக்கிய வழியாக இருந்தது. அதன் வாயை அடைத்தவர் மன்னனின் வணிகத்தையும் அடைத்தவராவர். மன்னன் வேண்டியது தேவாலயம் ஒன்றே என்றும், கம்பனியார் எழுப்பியதோ கோட்டை என்றும் கூறுவர். கதையை ஐயுறுவோரும் மணிக்கூண்டு தாங்கிய வாயில் முகப்பைக் கண்டால் சற்றே தடுமாறுவர்; அது தேவாலய முகப்பையே ஒத்திருக்கின்றது.

கோட்டை ஏறத்தாழச் சதுர வடிவினது. நான்கு கொத்தளங்களை உடையது. ஏறத்தாழ 4 மீற்றர் உயரமான மதில்கள் இக்கரையோரத்தில் கிடைக்கும் முருகைக்கல்லாலும் சுண்ணக்கல்லாலும் ஆனவை. வாயில் மாத்திரம் மஞ்சள் நிறச் செங்கல்லாலானது. மதில் இம்மண்ணுக்குரியது, முகப்பே அயலது என இவ்வேறுபாட்டை நான் கொள்கின்றேன். உள்ளே தளபதியின் இல்லம், சிற்றாலயம், படைவீரர் விடுதி, சிறை, பண்டகசாலைகள் ஆகியவற்றின் இடிபாடுகள் உள்ளன. வாழ்வும் வழிபாடும் தண்டனையும் வாணிபமும் ஒரே மதிலுள் அடங்கின. ஆள்வோர் வணிகக் கம்பனியினராயின் இதில் வியப்பில்லை.

1795 இல் கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று. 1859 வரை அவர்தம் படை இங்கிருந்தது. 1807 இல் கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி, இலங்கை இடவிளக்க நூலை 1834 இல் வெளியிட்டதும் அக்காலத்திலேயே. அவரது 'தமிழ் புளூராக்' வெளிவந்த ஆண்டும் 1859 என்பது தற்செயலான பொருத்தம்.

உள்நாட்டுப் போர்க்காலத்தில் கோட்டை மீண்டும் படையினரின் பயன்பாட்டுக்கு வந்தது. தொல்லியற் சின்னமாகப் பேணப்படினும், அண்மைக்காலம் வரை பார்வையாளர் கடற்படையினரின் இசைவுடனேயே உட்செல்ல நேர்ந்தது. கம்பனி, முடி, அரசு என உடைமையாளர் மாறினர். களப்பில் வலைவீசி வாழும் கற்பிட்டி மக்களோ இக்கைமாற்றங்கள் எதிலும் ஒரு தரப்பாக இடம்பெறவில்லை. அவர்கள் மதிலை வெளியிலிருந்தே அறிந்தவர்கள்.