குறட்டையும் பாரிசவாதமும்: ஒரு வரலாற்று நோக்கு

கல்முனை தொடக்கம் அக்கரைப்பற்று வரையான நம் கரையோர ஊர்களில், வாப்பாவின் உரத்த குறட்டை உழைத்துக் களைத்தவரின் நிம்மதியான உறக்கமென்றே பெரும்பாலும் கொள்ளப்படும். பாரிசவாதமோ முன்னறிவிப்பின்றி விழும் இடி. இவ்விரண்டுக்கும் உறவுண்டு என்னும் அறிவு மருத்துவ வரலாற்றில் மிகப் பிந்தியே தோன்றியது.

யூனானி மருத்துவத்தின் பேராசான் இப்னு ஸீனா (980–1037) தமது 'அல்கானூன்' என்னும் நூலில் 'ஸக்தா' எனும் மூளைத்தாக்கையும் 'பாலிஜ்' எனும் ஒருபக்க வாதத்தையும் விரித்துரைத்தார். நோயாளியின் மூச்சு எத்துணை இடர்ப்படுகின்றதோ அத்துணைக்கு ஸக்தா கொடியது என்பது அம்மரபினர் துணிபு. ஆயின், அங்கு மூச்சின் இடர் நோயின் விளைவேயன்றிக் காரணமன்று.

இந்நோக்கு இருபதாம் நூற்றாண்டில் மாறிற்று. 1965இல் பிரான்சிலும் ஜேர்மனியிலும் தனித்தனியே நிகழ்ந்த ஆய்வுகள், உறக்கத்தில் மூச்சு மீண்டும் மீண்டும் நின்றுபோவதைக் கருவிகளாற் பதிவுசெய்தன. தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுவழி அடைபடுகின்றது. குருதியில் ஒட்சிசன் குறைகின்றது. உறங்குபவர் திணறிச் சற்றே விழிக்க, குருதியமுக்கம் திடீரென உயர்கின்றது. இரவுதோறும் பன்முறை நிகழும் இவ்வதிர்ச்சி மூளையின் குருதிக் குழாய்களை நலிவிக்கும்.

1985இல் பின்லாந்து ஆய்வாளர் பார்டினனும் பலோமாக்கியும் குறட்டைப் பழக்கத்தை மூளைக் குருதியடைப்புடன் தொடர்புபடுத்தினர். 2005இல் வெளிவந்த அமெரிக்க யேல் பல்கலைக்கழக ஆய்வு 1022 பேரைத் தொடர்ந்து நோக்கியது. உயர் குருதியமுக்கம் போன்ற பிற காரணிகளைக் கணக்கிற் கொண்ட பின்னரும், உறக்க மூச்சுத்தடை உடையோர்க்குப் பாரிசவாதமோ மரணமோ நேரும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்கு என அது கண்டது.

சிகிச்சையின் வரலாறு இத்துணைத் தெளிவானதன்று. 1981இல் சிட்னியில் சலிவன் அறிமுகப்படுத்திய காற்றழுத்த முகமூடி மூச்சுவழியைத் திறந்துவைக்கும். ஆயினும், ஏற்கெனவே இதய அல்லது மூளைக் குருதிக்குழாய் நோயுடைய 2717 பேரிடம் நடத்தப்பெற்று 2016இல் வெளியான ஆய்வில், அது மாரடைப்பையோ பாரிசவாதத்தையோ குறைத்ததாகத் தெரியவில்லை. அவர்கள் அதனை இரவில் சராசரி மூன்றரை மணிநேரம்கூட அணியவில்லை என்பதும் கருதத்தக்கது.

குறட்டையெல்லாம் நோயன்று. குறட்டை திடீரென அடங்கி, மூச்சு நின்று, திணறலுடன் மீள்வதே எச்சரிக்கை. உறங்குபவர் இதனை அறியார்; அருகிருக்கும் மனைவியும் மக்களுமே சாட்சியர். அச்சாட்சியத்தை நகைப்புக்குரியதாக்காது வைத்தியரிடம் எடுத்துரைப்பதே இவ்வரலாறு நமக்கு உணர்த்தும் கடமையாகும்.