எச்.எம்.டி. கைக்கடிகாரங்களின் சீரமைப்பு

எச்.எம்.டி. கைக்கடிகாரச் சீரமைப்பு என்பது பெங்களூரின் இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் நிறுவனம் தயாரித்த சாவி கொடுக்கும் பழைய வாட்சுகளை, அவற்றுக்கு உரிய பாகங்களைக் கொண்டே மறுபடி ஓட வைக்கும் வேலை. இயந்திரக் கருவிகள் செய்வதற்காக 1953இல் தொடங்கப்பட்ட இந்தப் பொதுத்துறை நிறுவனம், 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கைகோத்து பெங்களூரில் வாட்ச் தொழிற்சாலை அமைத்தது. முதல் தொகுதியை நேரு வெளியிட்டார். ஜனதா, பைலட், கோஹினூர், ஜவான் என்று வந்த மாடல்கள், பரீட்சையில் தேறிய மகனுக்கும் முகூர்த்தத்தன்று மாப்பிள்ளைக்கும் கட்டிவிடும் பொருளாயின. டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984இல் உருவாக்கிய டைட்டன், ஓசூரிலிருந்து குவார்ட்ஸ் வாட்சுகளை இறக்கியபின் சந்தை திசைமாறியது. 2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இன்று ஒரு பழைய ஜனதாவுக்கு அசல் பாகம் வேண்டுமென்றால் தேங்கிக் கிடக்கும் பழைய சரக்கிலோ, இன்னொரு எச்.எம்.டி. வாட்சிலோதான் தேட வேண்டும்.

இந்த வாட்சுகளின் சீரமைப்பில் ஒரு விசித்திரம் உண்டு. ஜனதா, பைலட், கோஹினூர் ஆகிய மூன்றிலும் ஓடுவது 0231 என்ற ஒரே மெஷின்: 17 கல் வைத்தது, சிட்டிசனின் வடிவமைப்பிலிருந்து வந்தது, மணிக்கு 18,000 முறை துடிப்பது. ஆகவே உள்பாகங்கள் மாடலுக்கு மாடல் தாராளமாகப் பொருந்தும். ஒரு வாட்சை இன்ன மாடல் என்று அடையாளம் காட்டுபவை டயல், முட்கள், கேஸ் ஆகிய வெளிப்பாகங்களே. ஜனதாவின் மெஷினை எடுத்து பைலட் டயலைப் பொருத்தி வேறு ஏதோ ஒரு கேஸில் அடைத்தாலும் வாட்ச் குறையில்லாமல் ஓடும். நேரம் சரியாகக் காட்டுகிறது என்பதால் பாகம் சரியானது என்று ஆகிவிடாது. மெஷினுக்குப் பொருந்துவது ஒன்று, அந்த வாட்சின் வரலாற்றுக்குப் பொருந்துவது வேறொன்று. தேயும் பாகத்தை மாற்றலாம், அடையாளம் தாங்கும் பாகத்தைக் கூடியவரை காக்க வேண்டும் என்ற விதி இந்த வேறுபாட்டிலிருந்தே பிறக்கிறது.

மாற்றலாம் என்பதற்காக எதையும் மாற்றிவிடலாம் என்றில்லை. மெயின் ஸ்பிரிங்கைப் பார்ப்போம். பழைய எஃகுச் சுருள் உடையும், அல்லது வில்லின் வலுவை இழந்து சோர்ந்துவிடும். அதை மாற்றுவதில் தவறே இல்லை. ஆனால் புதியதன் அகலம், தடிமன், நீளம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். சுருளின் விசை தடிமனின் மும்மடிக்கு ஏற்ப ஏறுவதால், தடிமன் 10 சதவீதம் கூடினாலே விசை ஏறக்குறைய 33 சதவீதம் கூடிவிடும். அந்த விசையில் இருபுறமும் ஊசலாடும் பேலன்ஸ் வீல் அளவுக்கு மிஞ்சி வீசி, சுற்றி வந்து மறுபக்கத்தில் முட்டும். வாட்ச் தறிகெட்டு ஃபாஸ்ட் போகும். அப்போது கடைக்காரர் அந்த வீலை ஊசலாட வைக்கும் ஹேர் ஸ்பிரிங்கைக் குறை சொல்லி அதில் கைவைத்தால் ஒரு கோளாறு இரண்டாகும். ஹேர் ஸ்பிரிங்கும் பேலன்ஸ் வீலும் தொழிற்சாலையிலேயே ஒன்றுக்கொன்று இணை பார்த்துச் சேர்க்கப்பட்டவை. வேறொரு வாட்சிலிருந்து சுருளை மட்டும் பிடுங்கிப் பொருத்துவதைவிட இரண்டையும் சேர்த்தே மாற்றுவது பாதுகாப்பானது. நாளொன்றுக்கு 4,32,000 துடிப்பு என்பதை நினைத்தால், காய்ந்துபோன ஆயிலோடு சில ஆண்டுகள் ஓடிய வாட்சில் அச்சுமுனைகள் ஏன் தேய்கின்றன என்பது விளங்கும். பாகம் தேடுவதற்கு முன் முழுக்கக் கழற்றிச் சுத்தம் செய்து ஆயில் இடுவதே முதல் வேலை. பாதி வாட்சுகளுக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படாது என்றுகூடத் தோன்றுகிறது. கண்ணாடி, ரப்பர் வளையம், ஸ்ட்ராப் ஆகியவை பற்றிச் சர்ச்சையில்லை. கண்ணாடி மட்டும் பழைய மாடலுக்குரிய குவிந்த பிளாஸ்டிக்காக இருக்கட்டும். தட்டையான தாதுக் கண்ணாடி போட்டால் முகமே மாறிவிடும்.

டயலுக்கு வரும்போது நிலைமை தலைகீழ். பழுப்பேறிய, ஓரம் உதிர்ந்த டயலை உரித்துப் புதிதாக வண்ணம் அடித்து எழுத்து அச்சிட்டுத் தருவது இந்தியச் சந்தையில் பெரிய தொழில். இப்படிப் பளபளப்பாக்கி இணையத்தில் விற்கப்படும் வாட்சுகளை வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் ‘மும்பை ஸ்பெஷல்’ என்று கேலியாக அழைக்கிறார்கள். தொழிற்சாலை ஒருபோதும் வெளியிடாத நிறங்களில் பைலட்கள் உலவுவது இப்படித்தான். கண்டுபிடிப்பதும் அத்தனை கடினமல்ல: எழுத்தின் விளிம்பு கசிந்திருக்கும், நிமிடக் கோடுகள் மணிக் குறிகளோடு நேர்படாது, தேவநாகரியில் உள்ள பெயரின் வளைவுகள் தடித்துப் போயிருக்கும். முட்களிலும் இதே கவனம் வேண்டும். துளை சிறுத்த முள்ளை அழுத்திப் பொருத்தினால் அச்சுக்குச் சேதம். துளை பெருத்தது ஒருநாள் கழன்று டயல்மேல் விழும். இரண்டும் சரியாக இருந்து வடிவம் மட்டும் வேறு மாடலுடையதாக இருந்தால், மெஷின் அதைப் பொருட்படுத்தாது. வாட்சை அறிந்தவர் கண்ணுக்கு மட்டும் உறுத்தும்.

பழைய டயலைக் காக்க வேண்டும் என்பதற்கு வரும் முதல் ஆட்சேபம் நியாயமானது. அப்பாவின் வாட்சைக் கட்டிக்கொள்ள விரும்புகிறவருக்கு அது அருங்காட்சியகப் பொருள் அல்ல. அழுக்கு டயலைச் சகித்துக்கொள்ள வேண்டும் என்று அவருக்குக் கட்டளையிட யாருக்கும் உரிமையில்லை. உண்மைதான். ஆனால் வண்ணம் அடித்த டயலிலிருந்து பழைய அச்சைத் திரும்பப் பெற வழியில்லை. வேறு டயல் போட்டுக்கொண்டு பழையதை ஒரு காகித உறையில் பத்திரப்படுத்தினால் உரிமையாளரின் ஆசையும் நிறைவேறும், வாட்சின் சான்றும் பிழைக்கும். இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கூர்மையானது: பல பத்தாண்டுகள் நடந்த தயாரிப்பில் தொழிற்சாலையே டயல், முள், கேஸ் வகைகளை மாற்றிக்கொண்டே இருந்தது, பெங்களூருக்குப் பிறகு ஸ்ரீநகர், துமகூரு, ராணிபாக் என்று ஆலைகளும் பெருகின, இதில் சரியான பாகம் என்று எதைச் சொல்வது? வகைகள் பல என்பதை ஒப்புக்கொள்ளலாம். அதனால் எதுவும் செல்லும் என்ற முடிவு மட்டும் பொருந்தாது. ஒரே டயலும் முள்ளும் கேஸும் கையடிபடாத பல வாட்சுகளில் சேர்ந்தே காணப்பட்டால் அந்தச் சேர்க்கை தொழிற்சாலையுடையது என்று நம்பலாம். ஒரே ஒரு விற்பனையாளரிடம் மட்டும் காணப்படுவதை நம்ப முடியாது. பழைய விளம்பரங்களும், பெங்களூரின் ஜாலஹள்ளியில் 2019இல் திறக்கப்பட்ட எச்.எம்.டி. பாரம்பரிய மையத்தின் காட்சிப் பொருள்களும் ஒப்பிட உதவும்.

சிட்டிசன் பாகங்களை எச்.எம்.டி.யில் பொருத்தலாமா என்பது தனிக் கேள்வி. வடிவமைப்பின் வேர் ஒன்றென்பதால் பல உள்பாகங்கள் பொருந்தும். கண்ணுக்குத் தெரியாத பல்சக்கரமோ ஸ்பிரிங்கோ என்றால், அளந்து பார்த்துப் போடுவதை ஏற்கலாம். ஆனால் பல்சக்கரங்களைத் தாங்கும் தகடான பிரிட்ஜை, சிட்டிசன் பெயர் பொறித்ததாக எச்.எம்.டி.யில் வைத்தால் பின்மூடியைத் திறக்கும் அடுத்தவர் குழம்பிப்போவார். ஓடாத ஒரு வாட்சை உடைத்து இன்னொன்றைப் பிழைக்க வைப்பதும் இதுபோலத்தான்: டயல் கெட்டு, கேஸ் அரித்துப்போன வாட்சிலிருந்து எடுப்பது சிக்கனம், நல்ல டயலோடு இருக்கும் ஜவானை ஒரு ஸ்குருவுக்காகப் பிரிப்பது வீண்செயல். ஜனதா போன்ற மலிவு வாட்சுக்கு இவ்வளவு சிரத்தை எதற்கு என்று கேட்பவர் உண்டு. சர்வீஸ் கூலி சிலசமயம் வாட்சின் விலையை மிஞ்சும் என்பதும் மெய். ஆனால் வாட்ச் மலிவாக இருப்பதால்தான் அரைகுறை வேலைகள் இதில் மிகுதி. கையடிபடாதவை குறைந்துவருவதும் அதனால்தான். கழற்றிய பழைய பாகங்களும், எதை எப்போது மாற்றினார்கள் என்ற குறிப்பும் வாட்சோடு சேர்ந்து கைமாறாவிட்டால், மெஷின் எவ்வளவு துல்லியமாக ஓடினாலும் அதை ரிப்பேர் எனலாமே தவிர சீரமைப்பு என்று ஏற்க முடியாது.