முதல்முறையா குடும்பத்தோட ஊட்டி ட்ரிப்பா? டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

கல்யாணத்துக்கு மதுரை போயிருப்போம். மொட்டை போட பழனி, திருப்பதி போயிருப்போம். லீவுக்குச் சித்தி வீட்டில் பத்து நாள் தங்கியிருப்போம். ஆனா, "சும்மா சுத்திப் பார்த்துட்டு வரலாம்" என்று ரூம் போட்டு, டிக்கெட் எடுத்து, குடும்பமாகக் கிளம்பிய அனுபவம் இன்னும் பல வீடுகளில் இல்லை.

சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் சாப்பாடு, படுக்கை, வெந்நீர், ஊரைச் சுற்றிக் காட்ட ஒரு அண்ணன் என்று எல்லாம் அங்கேயே தயாராக இருக்கும். சுற்றுலாவில் அது ஒவ்வொன்றையும் நாம்தான் முன்கூட்டியே யோசிக்கணும். வருஷம் முழுக்கச் சீட்டு கட்டிச் சேர்த்த பணம், மூன்று நாளும் வேனுக்குள்ளேயே உட்கார்ந்து கரைந்துபோவது இதனால்தான்.

எந்த ஊருக்குப் போனாலும் திட்டமிடும் முறை கிட்டத்தட்ட ஒன்றுதான். முதல் ட்ரிப் என்றதும் நிறைய பேர் வாயில் வருவது ஊட்டி என்பதால், சென்னையிலிருந்து நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பம் அங்கே போவதாக வைத்துக்கொண்டு பார்க்கலாம்.

யாரெல்லாம் வர்றாங்க?

"எங்கே போகலாம்?" என்பது இரண்டாவது கேள்வி. முதலில் யாரெல்லாம் வருகிறார்கள் என்று பாருங்கள். கூட்டத்தில் யாருக்கு உடம்பு ரொம்ப ஒத்துழைக்காதோ, அவர்தான் பயணத்தின் வேகத்தைத் தீர்மானிக்கணும். முட்டிவலி உள்ள பாட்டியும் மூன்று வயசுக் குழந்தையும் வரும்போது, ஒரே நாளில் எட்டு இடம் என்பது நடக்காது. நடந்தாலும் யாருக்கும் சந்தோஷம் இருக்காது.

ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்களுக்கு இந்த உயரம் பெரிய பிரச்னை இல்லை. ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் மட்டும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது. மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுப்பவர்களும் அப்படியே. மாத்திரையைக் கொண்டை ஊசி வளைவு ஆரம்பித்த பிறகு தேடினால் பலன் இல்லை.

இன்னொரு விஷயம். "கிச்சன் இருக்கிற காட்டேஜ் எடுத்தா சாப்பாட்டுச் செலவு மிச்சம்" என்று ஒரு ஐடியா எல்லா வீட்டிலும் வரும். அந்த கிச்சனில் யார் நிற்கப்போகிறார்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். அம்மா ஊட்டிக்குப் போயும் குக்கர் விசில் எண்ணிக்கொண்டிருந்தால், அது மற்ற மூன்று பேருக்கு மட்டுமான சுற்றுலா.

எப்போ போகலாம்?

ஏப்ரல், மே மாதங்கள்தான் ஊட்டி சீசன். மலர்க் கண்காட்சியும் மே மாதத்தில்தான் நடக்கும். பள்ளி விடுமுறையும் அப்போதுதான் என்பதால் கூட்டம், ரூம் வாடகை, டிராஃபிக் மூன்றும் உச்சத்தில் இருக்கும். கண்காட்சி பார்த்தே ஆகணும் என்றால் வேறு வழியில்லை. குளிரும் பச்சையும்தான் வேணும் என்றால், செப்டம்பர் கடைசியில் வரும் காலாண்டு விடுமுறை முதல் ட்ரிப்புக்கு நல்ல தேர்வு. ஜனவரி, பிப்ரவரியில் வானம் தெளிவாக இருக்கும், ஆனா இரவுக் குளிர் கடுமையாக இருக்கும். வடகிழக்குப் பருவமழை நேரத்தில் மண்சரிவால் மலை ரயில் ரத்தாவது அடிக்கடி நடப்பதுதான். அந்த ரயிலுக்காகவே போகிறவர்கள் அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை தவிர்த்துவிடலாம்.

முடிந்தால் சனி, ஞாயிறைத் தவிருங்கள். ஞாயிறு இரவு ரயில் ஏறி, திங்கள் காலை இறங்கி, இரண்டு இரவு தங்கிவிட்டு, புதன் மாலை கீழே இறங்கினால் வியாழன் காலை வீடு. மூன்று நாள் லீவு போதும்.

இதில் பலர் சறுக்குவது தேதிக் கணக்கில்தான். ஞாயிறு ரயில் ஏறுவதால் ரூமையும் ஞாயிறிலிருந்து போட்டுவிடுவார்கள். ஒரு நாள் வாடகை வீண். அதேபோல அந்த ரயில் சேலத்துக்கு நள்ளிரவு தாண்டித்தான் வரும். அங்கே ஏறுபவர்களுக்கு டிக்கெட் தேதி திங்கள்கிழமை. ஞாயிறு என்று போட்டால் முந்தின இரவு வண்டியில்தான் டிக்கெட் கிடைக்கும்.

ரயில் டிக்கெட்: 60 நாள் கணக்கு

ரயில் முன்பதிவு முன்பு 120 நாளுக்கு முன்னாலேயே திறக்கும். 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாளாகக் குறைக்கப்பட்டது. ஐஆர்சிடிசியில் காலை 8 மணிக்கு முன்பதிவு திறக்கும். போகும் டிக்கெட் எடுத்த அன்றே திரும்பும் டிக்கெட் கிடைக்காது, ஏனென்றால் அந்தத் தேதிக்கு இன்னும் 60 நாள் கணக்கு வந்திருக்காது. மூன்று நாள் கழித்து மறுபடி 8 மணிக்கு உட்காரணும். போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். போக மட்டும் டிக்கெட் வைத்துக்கொண்டு திரும்ப என்ன செய்வது என்று தவிப்பவர்கள் நிறைய.

உங்கள் ஐஆர்சிடிசி கணக்கில் ஆதார் சரிபார்ப்பை முன்னாடியே முடித்து வையுங்கள். ஆன்லைன் தட்கல் டிக்கெட்டுக்கு 2025 ஜூலையிலிருந்து அது கட்டாயம். முன்பதிவு திறக்கும் ஆரம்ப நேரத்துக்கும் அதே விதி பிறகு கொண்டுவரப்பட்டது. தட்கல் முந்தின நாள் திறக்கும், ஏசிக்குக் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. கன்ஃபார்ம் ஆன தட்கலை ரத்து செய்தால் பணம் திரும்பாது. குடும்பத்தோடு போகும் முதல் ட்ரிப்பை தட்கலை நம்பித் திட்டமிட வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

ஆர்ஏசி என்று வந்தால் பயப்பட வேண்டாம், ரயிலில் ஏறலாம், உட்கார இடம் உண்டு. வெயிட்டிங் லிஸ்ட் அப்படி இல்லை. சார்ட் தயாரான பிறகும் ஆன்லைன் டிக்கெட் முழுக்க வெயிட்டிங்கில் இருந்தால் அது தானாக ரத்தாகி, பணம் கணக்குக்குத் திரும்பும். அந்த டிக்கெட்டை வைத்து ரிசர்வேஷன் பெட்டியில் ஏற முடியாது. 5 வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தனி பெர்த் கேட்காவிட்டால் டிக்கெட் தேவையில்லை. 5 முதல் 11 வயது வரை பெர்த் வேண்டுமென்றால் முழுக் கட்டணம். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது, எனவே தாத்தா பாட்டிக்கும் முழுக் கட்டணமாகவே கணக்குப் போடுங்கள்.

சென்னை சென்ட்ரலிலிருந்து இரவு கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ் அதிகாலையில் மேட்டுப்பாளையத்தில் கொண்டுபோய் விடும். அங்கிருந்து காலை 7.10-க்கு மலை ரயில். 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்த ரயில் இது. 46 கிலோமீட்டர், கிட்டத்தட்ட 5 மணி நேரம். தண்டவாளத்தின் நடுவே பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறும் பகுதி குன்னூருக்குக் கீழேதான் இருக்கிறது. டிக்கெட் கிடைப்பதுதான் கஷ்டம். கிடைக்காவிட்டால் மனசு விட வேண்டாம். பஸ்ஸில் ஊட்டிக்குப் போய்விட்டு, ஊட்டி - குன்னூர் இடையே மட்டும் ஒருமுறை மலை ரயிலில் போய் வாருங்கள். குட்டிக் குழந்தைகளை 5 மணி நேரம் மரப்பெட்டிக்குள் உட்கார வைப்பதைவிட இதுவே மேல்.

கார்ல போறீங்களா? இ-பாஸ் கட்டாயம்

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டி, கொடைக்கானல் செல்லும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் நடைமுறை வந்தது. 2025 கோடையில், ஏப்ரல் முதல் ஜூன் வரை, ஊட்டிக்கு வார நாளில் 6,000 வாகனம், வார இறுதியில் 8,000 வாகனம் என்று உச்சவரம்பும் வைக்கப்பட்டது. ரூம் போட்டாச்சு, பாஸ் கிடைக்கலை என்ற நிலைமை வரக்கூடாது என்றால் இரண்டையும் ஒரே நாளில் முடியுங்கள். விதிகள் சீசனுக்கு சீசன் மாறுவதால், கிளம்பும் வாரத்தில் மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இ-பாஸ் இலவசம். அரசு இணையதளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்து எடுக்கலாம். யாராவது காசு கேட்டால் அது ஏமாற்று வேலை. அரசுப் பேருந்திலோ ரயிலிலோ போகிறவர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை.

மைசூரு பக்கம் இருந்து வருபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. முதுமலை - பந்திப்பூர் காட்டுச் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வாகனங்களுக்குத் தடை. மேப்பில் தூரம் குறைவாகக் காட்டும் கல்லட்டி பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு, விபத்துகளுக்குப் பெயர்போன செங்குத்தான சாலை அது. மலையில் ஓட்டிப் பழகாதவர்கள் அந்தப் பக்கம் திரும்பவே வேண்டாம்.

ரூம் போடுறதுலதான் உஷார்

ஏமாற்றுக்காரர்கள் அதிகம் காத்திருப்பது இங்கேதான். நிஜ ஹோட்டலின் படங்களை எடுத்துப் போலி இணையதளம் தொடங்குகிறார்கள். தேடும்போது வரும் போன் நம்பரே போலியாக இருக்கும். "சார், கடைசி ரூம், இப்பவே முழுப் பணத்தையும் போடுங்க" என்று அவசரப்படுத்தினால் போனை வைத்துவிடுங்கள். முன்பணம் அனுப்பும்போது திரையில் வரும் பெயரைப் பாருங்கள். ஹோட்டலுக்குச் சம்பந்தமில்லாத தனிநபர் பெயர் வந்தால் நிறுத்திக் கேளுங்கள். "ரீஃபண்ட் அனுப்புறோம், யுபிஐ பின் போடுங்க" என்றால் சந்தேகமே வேண்டாம், மோசடிதான். பணம் நம் கணக்குக்கு வருவதற்கு பின் தேவையே இல்லை. பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழைத்துப் புகார் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணம் முடக்கப்பட அவ்வளவு வாய்ப்பு.

பெரிய தேடல் வேண்டாம் என்பவர்களுக்குத் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஹோட்டல் தமிழ்நாடு ஊட்டியிலும் இருக்கிறது.

எங்கே போட்டாலும் போன் செய்து சில கேள்விகள் கேட்டுவிடுங்கள். வெந்நீர் நாள் முழுக்க வருமா, காலையில் இரண்டு மணி நேரம்தானா? ரூமுக்கு எத்தனை படி ஏறணும்? கூடுதல் கம்பளிக்குத் தனிக் காசா? குழந்தைக்குக் கூடுதல் படுக்கை எவ்வளவு? பஸ் ஸ்டாண்டிலிருந்து எவ்வளவு தூரம்? செக்-இன் எத்தனை மணி? கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். காலை 9 மணிக்கே பஸ்ஸில் போய் இறங்கி, மதியம் வரை பெட்டிகளோடு ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கும் குடும்பங்களை எந்த மலை ஊரிலும் பார்க்கலாம். பெட்டியை வைக்கவும் முகம் கழுவவும் இடம் தருவார்களா என்று கேட்டாலே பாதிப் பிரச்னை தீரும். பெரியவர்கள் எல்லாரும் அசல் அடையாள அட்டை கொண்டு போங்கள்.

25 ஆயிரத்துக்குள் முடியுமா?

கணக்குப் போடும் விதத்தைக் காட்ட ஒரு உதாரணம். ஸ்லீப்பரில் நான்கு பேர் போய் வர சுமார் 3,000 ரூபாய். சீசன் இல்லாத நாளில் ரூமுக்கு இரவுக்கு 2,500 வீதம் 5,000. சாப்பாட்டுக்கு 6,000. பஸ், உள்ளூர் வண்டி எல்லாம் சேர்த்து 5,000. நுழைவுக் கட்டணம், படகு, குதிரை என 2,000. மொத்தம் 21,000. மீதி 4,000 ரூபாய் ஷாப்பிங்குக்கு இல்லை, அதைத் தொடாமல் வையுங்கள். காய்ச்சல், ரத்தான ரயில், ஒரு நாள் கூடுதல் தங்கல் எல்லாம் சொல்லிவிட்டு வராது. வர்க்கி, டீத்தூள், சாக்லெட் வாங்க ஆசை என்றால் வேறு தலைப்பிலிருந்து குறைத்துத்தான் எடுக்கணும். சீசனில் போனால் ரூம் கணக்கே தலைகீழாக மாறிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

என்னென்ன பார்க்கலாம்?

வரைபடத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். குன்னூர் ஒரு திசை, பைக்காரா அதற்கு எதிர்த் திசை. இரண்டையும் ஒரே நாளில் திணித்தால் பாதி நேரம் வண்டியில்தான் போகும். போய் இறங்கும் நாளில் மதியத்துக்கு மேல் தாவரவியல் பூங்கா மட்டும் போதும். 1848-ல் தொடங்கிய பூங்கா, அவசரமாகப் பார்க்கும் இடமில்லை. இரண்டாம் நாள் காலையிலேயே தொட்டபெட்டா, அப்படியே குன்னூரில் சிம்ஸ் பூங்காவும் லேம்ப்ஸ் ராக்கும். 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவில் மேகம் மூடிவிட்டால் எதிரில் நிற்பவர்கூடத் தெரியமாட்டார், அதனால்தான் காலை. மூன்றாம் நாள் ஏரியில் படகுச் சவாரி, கடைத்தெரு, கிளம்பல். பைக்காரா அடுத்த முறைக்கு இருக்கட்டும்.

வாடகை வண்டி எடுத்தால் எந்தெந்த இடம், எத்தனை மணி நேரம், மொத்தம் எவ்வளவு என்று ஏறும் முன்பே பேசிவிடுங்கள். "வழியில ஒரு சாக்லெட் ஃபேக்டரி, ஒரு டீ ஃபேக்டரி பார்த்துடலாம் சார்" என்று டிரைவர் அண்ணன் சொன்னால், கமிஷனும் அதில் இருக்கலாம். வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம், தப்பில்லை.

நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. 5 லிட்டருக்குக் குறைவான தண்ணீர் பாட்டிலும் அதில் அடக்கம். சோதனைச் சாவடியில் பிடுங்கிக்கொள்வதோடு அபராதமும் போடுவார்கள். எவர்சில்வர் பாட்டில் ஆளுக்கொன்று கொண்டுபோனால், ஊருக்குள் உள்ள குடிநீர் ஏடிஎம்களில் நிரப்பிக்கொள்ளலாம்.

திரும்பும் நாளில் மட்டும் பேராசை வேண்டாம். மேட்டுப்பாளையத்திலிருந்து ரயில் இரவில்தான் என்றாலும், மதியச் சாப்பாடு முடிந்ததும் பஸ் ஏறிவிடுங்கள். சாதாரண நாளில் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் இறங்கிவிடும் மலைப்பாதை, ஒரு லாரி நடுவில் நின்றால் நான்கு மணி நேரம் ஆகும். சீக்கிரம் இறங்கிவிட்டால் மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் பிள்ளைகள் கொஞ்ச நேரம் விளையாடட்டும், பெரியவர்கள் ஒரு டீ குடிக்கலாம்.